சம்பளத்தில் பிடித்தம், சட்டத்தில் திருத்தம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். மாதாமாதம் மற்றவர்கள் சம்பளத்தில் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே பிடிப்பதே என் வேலை. எனக்கு இரண்டு சந்தேகங்கள். உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத்தை ரத்து செய்த பிறகும் பெருமுதலாளிகளின் பணம் கட்சிகளுக்குப் போய்க்கொண்டுதானே இருக்கிறது, எந்த வழியில்? நடுத்தர வர்க்கம் தேய்வதற்கும் அந்தப் பணத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, அல்லது இது டீக்கடையில் பேசிக் கலையும் விஷயம்தானா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கணக்கர் என்பதால் எண்களோடு பேசலாம்.

தேர்தல் பத்திரம், அதாவது தந்தவர் பெயர் வெளியே தெரியாமல் வங்கியில் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கும் பத்திரம், வந்தது 2018-ல். பணம் போகும் பாதை அதற்கு வெகு முன்பே போடப்பட்டது. 1974-ல் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் வேட்பாளர் கணக்கில்தான் சேரும் என்றது. அதே ஆண்டில் மத்திய அரசு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77வது பிரிவில் ஒரு விளக்கத்தைச் சேர்த்து அந்தத் தீர்ப்பைச் செல்லாக்காசாக்கியது. அதனால்தான் இன்று பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம், சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் என்று வரம்பு இருக்கிறது, கட்சிக்கு எந்த வரம்பும் இல்லை. செலவுக்கு எல்லை இல்லையென்றால் வரவுக்கான பசிக்கும் எல்லை இருக்காது.

நிறுவனங்கள் கட்சிகளுக்கு நன்கொடை தருவது 1969-ல் தடை செய்யப்பட்டது. 1985-ல் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 5 சதவீதம் வரை அனுமதித்தார்கள். 2013-ன் கம்பெனிச் சட்டம் 182வது பிரிவில் அதை 7.5 ஆக்கியது. ஒரு நிறுவனத்தின் கடைசி மூன்றாண்டு நிகர லாபம் 10, 12, 14 கோடி என்றால் சராசரி 12 கோடி, தரக்கூடியது 90 லட்சம். இயக்குநர் குழுத் தீர்மானம் வேண்டும். லாப நட்டக் கணக்கில் கட்சியின் பெயரையும் தொகையையும் காட்ட வேண்டும். நிறுவனம் தொடங்கி மூன்று நிதியாண்டு ஆகியிருக்க வேண்டும்.

2017-ன் நிதிச் சட்டம் இதில் இரண்டு இடங்களில் கைவைத்தது. 7.5 சதவீத வரம்பை எடுத்தது, கட்சியின் பெயரைக் காட்ட வேண்டும் என்பதையும் எடுத்தது. நஷ்டத்தில் ஓடும் நிறுவனம்கூட எத்தனை கோடி வேண்டுமானாலும் தரலாம் என்றானது. நஷ்டக் கம்பெனி எதற்காக நன்கொடை தரும் என்று ஒரு கணக்கருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பணமசோதாவாகக் கொண்டுவந்ததால் மாநிலங்களவையால் அதைத் தடுக்க முடியவில்லை. ரிசர்வ் வங்கியும் தேர்தல் ஆணையமும் எழுத்து மூலம் தெரிவித்த ஆட்சேபங்களும் எடுபடவில்லை.

2018 முதல் 2024 ஜனவரி வரை சுமார் 16,518 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் விற்றன. ஆயிரம் ரூபாய்ப் பத்திரமும் இருந்தது, பத்தாயிரமும் இருந்தது. ஆனால் மொத்த மதிப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள். சாமானியரும் பங்கேற்கலாம் என்று சொல்லப்பட்ட திட்டத்தின் லட்சணம் இது. 2019 ஏப்ரலுக்குப் பின் பாஜக மட்டும் சுமார் 6,060 கோடி பெற்றது. அதிகம் வாங்கிய நிறுவனம், கோவையில் முகவரி கொண்ட லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி. அதில் 509 கோடி தங்களுக்கு வந்ததாகத் திமுக தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்தது. லாட்டரி தமிழ்நாட்டில் 2003-லிருந்து தடை. வேறு மாநிலங்களில் கூலிக்காரர்கள் வாங்கிய சீட்டின் காசு இங்கே அரசியல் நிதியானது.

2024 பிப்ரவரி 15 தீர்ப்பு பத்திரத்தை ரத்து செய்தது எல்லோருக்கும் தெரியும். நிறுவன நன்கொடைக்கு வரம்பில்லாமல் ஆக்கிய திருத்தத்தையும் அதே தீர்ப்பு தள்ளியது. செய்திகளில் இது அதிகம் பேசப்படவில்லை, ஆனால் என் பார்வையில் இதுதான் பெரிய வெட்டு.

இப்போது பணம் வரும் வழிகளில் முதலாவது, காசோலையாகவோ வங்கி மாற்றாகவோ நேரடியாகத் தருவது. ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் தந்தவர் பெயரைக் கட்சி வெளியிட வேண்டும். அடுத்தது தேர்தல் அறக்கட்டளை, அதாவது எலக்டோரல் டிரஸ்ட். 2013-ன் விதிப்படி, சேர்ந்த நிதியில் 95 சதவீதத்தை அதே ஆண்டில் கட்சிகளுக்குப் பிரித்துவிட வேண்டும். யார் தந்தார்கள் என்று ஒரு பட்டியல், யாருக்குப் போனது என்று இன்னொரு பட்டியல். முப்பது நிறுவனங்கள் ஒரே பானையில் ஊற்றினால் எந்தக் குடத்துத் தண்ணீர் எந்தக் கட்சிக்குப் போனது என்று சொல்ல முடியாது. பத்திரம் போன பிறகு பெரும்பணம் இந்தப் பானைக்குத் திரும்பியதில் வியப்பில்லை. கடைசியாக ரொக்கம். ஒருவரிடம் 2,000 ரூபாய்வரை வாங்கலாம். ஒரு கோடியை 5,000 ரசீதாகக் கிழித்தால் பெயரே தேவையில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நன்கொடைக்குக் கைமாறாக இந்தச் சட்டம் என்று யாரும் ரசீது எழுதித் தருவதில்லை. சட்டத்தில் எந்த எண்கள் மாறின, எவை மாறவே இல்லை என்று பார்ப்பதே நமக்குள்ள வழி.

மாறியவை: 1985-ல் வாரிசுச் சொத்துக்கான வரி நீங்கியது. (நிறுவன நன்கொடையை மீண்டும் அனுமதித்ததும் அதே ஆண்டு. ஒன்றுக்காக மற்றது என்று நான் சொல்லவில்லை.) 2015 பட்ஜெட்டில் செல்வ வரி நீங்கியது, பதிலுக்கு ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களின் சர்சார்ஜ், அதாவது வரியின் மேல் போடும் கூடுதல் வரி, 2 சதவீதம் ஏறியது. 2019 செப்டம்பர் 20 அன்று, சலுகைகளைக் கைவிடும் நிறுவனங்களுக்கு வரி 22 சதவீதமாக இறங்கியது. சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 25.17. பெரிய நிறுவனங்கள் அதுவரை கட்டியது 35-க்குச் சற்றுக் குறைவு. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் போகும் என்று அரசே சொன்னது. 2023-ல் ஐந்து கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களின் சர்சார்ஜ் புதிய வருமான வரி முறையில் 37-லிருந்து 25 ஆனது, அவர்களின் உச்ச வரி 42.74-லிருந்து 39 சதவீதத்துக்கு வந்தது.

மாறாதவை உங்கள் மேசையிலேயே இருக்கின்றன. சேமிப்பு, காப்பீடு போன்றவற்றுக்கான 80சி கழிவின் உச்சவரம்பை 2014-ல் 1.5 லட்சம் ஆக்கினார்கள். பத்தாண்டு கழித்தும் அதே 1.5 லட்சம். ஆண்டுக்கு 5 சதவீதம் விலையேற்றம் என்று வைத்தாலே அதன் மதிப்பு சுமார் 92,000 ஆகிவிடுகிறது. வீட்டுக்கடன் வட்டிக்கான 2 லட்சமும் 2014-ல் நின்றதுதான். இவற்றைக் குறைக்க யாரும் மசோதா கொண்டுவரவில்லை. கொண்டுவரத் தேவையும் இல்லை, விலைவாசியே அந்த வேலையைச் செய்துவிடும். பணக்காரருக்குச் சட்டம் திருத்தப்பட வேண்டும், அதற்கு ஆள் இருக்கிறது. சம்பளக்காரர் நஷ்டப்படுவதற்குச் சட்டம் அப்படியே கிடந்தால் போதும். பண பலத்தின் வேலையில் பாதி இந்தச் சும்மா கிடப்பதில்தான் நடக்கிறது என்பது என் எண்ணம்.

விளைவு வசூலில் தெரிகிறது. 2014-15-ல் நிறுவன வரி சுமார் 4.3 லட்சம் கோடி, தனிநபர் வருமான வரி சுமார் 2.65 லட்சம் கோடி. 2023-24-ல் நிறுவன வரி 9.1, தனிநபர் வரி 10.4. கணக்குத் தாக்கல் செய்வோர் பெருகியதும் இதற்கு ஒரு காரணம், பங்குப் பரிவர்த்தனை வரியும் தனிநபர் பக்கமே சேர்கிறது. மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2025 பட்ஜெட் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்றது, சம்பளக்காரருக்கு 12.75 லட்சம். அது சின்னச் சலுகை அல்ல.

இதில் கட்சி பேதம் பார்க்காதீர்கள். வெளிநாட்டு நிதி விஷயத்தில் பாஜக, காங்கிரஸ் இரண்டுமே சட்டத்தை மீறியதாக 2014-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 2016, 2018 நிதிச் சட்டங்கள் எது வெளிநாட்டு நிதி என்ற வரையறையை முன்தேதியிட்டு, கடைசியில் 1976 வரை பின்னால் போய்த் திருத்தின. 2018-ல் விவாதமே இல்லாமல் நிறைவேறியது.

‘தேய்வது’ என்ற சொல்லில் மட்டும் எனக்குத் தயக்கம். அமெரிக்காவில் அது பொருந்தும். பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி நடுத்தர வருமானக் குடும்பங்களில் வாழும் பெரியவர்கள் 1971-ல் 61 சதவீதம், 2023-ல் 51. இந்தியாவில் நடுத்தர வர்க்கத்துக்கு அரசு வகுத்த வரையறையே கிடையாது. இங்கே நடப்பதை நெருக்கப்படுவது என்பேன். குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு 2022-23-ல் ஜிடிபியில் 5 சதவீத அளவுக்கு இறங்கியது, பல பத்தாண்டுகளில் இல்லாத சரிவு.

நீங்களே சரிபார்க்க விரும்பினால், தேர்தல் ஆணையத் தளத்தில் மூன்று ஆவணங்கள் வேண்டும்: கட்சிகளின் நன்கொடை அறிக்கை, தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கு, டிரஸ்டுகளின் அறிக்கை. முதலாவதில் இருக்கும் பெயர்களை நிறுவனங்களின் ஆண்டறிக்கையோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் தவறுவது பெயரில்தான். குழுமத்தின் பெயரில் தேடினால் கிடைக்காது, துணை நிறுவனத்தின் பெயரில் தந்திருப்பார்கள். இயக்குநர்கள் யார் என்று கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் பார்த்து இணைக்க வேண்டும். இன்னொரு சிக்கல் காலம். 2024 ஏப்ரல், மே மாதங்களில் தேர்தலுக்காகத் தந்த பணம் 2024-25 கணக்கில் வரும். அந்த அறிக்கை தாக்கலாவது 2025-ன் பிற்பாதியில், வாக்களித்து ஓராண்டுக்கும் மேலான பிறகு. அதனால் எந்த ஆண்டுக் கணக்கானாலும், அது முடிந்த பிறகு வரும் டிசம்பர் வாக்கில் தேடத் தொடங்குங்கள். உங்கள் ஆலை எந்தக் குழுமத்திடம் நூல் வாங்குகிறதோ, அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.