மெஸ் என்பது கடையா?

அன்புள்ள ஐயா,
எங்கள் தெருவில் ‘ஓட்டல்’ என்று இருந்த கடையின் பலகையை ‘மெஸ்’ என்று மாற்றிவிட்டார்கள். ஆங்கிலத்தில் மெஸ் என்றால் அலங்கோலம் அல்லவா? சாப்பிடும் இடத்துக்கு எப்படி அந்தப் பெயர்? ஓட்டலுக்கும் மெஸ்ஸுக்கும் உண்மையிலேயே வேறுபாடு உண்டா?
ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

அலங்கோலம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட பொருள். ‘அனுப்பு’ என்னும் லத்தீன் வினையில் பிறந்து, பந்திக்கு வந்த பதார்த்தம் என்ற பொருளில் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. அங்கே ஒருவேளைப் பங்கு என்றாகி, பிறகு சேர்ந்து உண்ணும் நால்வரையே குறித்தது. கால்நடைக்குக் கலந்து வைக்கும் தீனியையும் மெஸ் என்று சொல்லப்போய்த்தான் குழப்பம், அலங்கோலம் எல்லாம்.

ஆக, மூலத்தில் மெஸ் கடையே அல்ல, கூடி உண்பவர்கள். அந்தப் பொருள் கெடாமல் இருப்பது நம் கல்லூரி விடுதிகளின் ‘டிவைடிங் சிஸ்டம்’ கணக்கில். மளிகை, காய்கறி, பால், கேஸ் எல்லாம் சேர்த்து மாதச் செலவு 4,50,000 ரூபாய் என்று வையுங்கள். ஒவ்வொருவரும் சாப்பிட்ட நாட்களைக் கூட்டினால் 5,000. நாளுக்கு 90 ரூபாய். 22 நாள் சாப்பிட்டவருக்கு 1,980. ஊருக்குப் போகிறவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் ‘மெஸ் ரிடக்‌ஷன்’. வார்டன் இரக்கப்பட்டு, கடைசி நேரத்தில் சொன்னவர்களுக்கும் கழித்தால் கணக்கு உதைக்கும். சாமான் வாங்கியாயிற்று, சோறும் வடித்தாயிற்று. வகுக்கும் எண் மட்டும் 4,500 ஆகிவிடும். நாள் கட்டணம் 100 ரூபாய். ஊருக்குப் போகாமல் இருந்தவன்தான் சண்டைக்கு வருவான்.

திருவல்லிக்கேணி மேன்ஷன்களை ஒட்டி வளர்ந்த மெஸ்கள் இதற்குப் பங்காளி முறை. மாதத்துக்கு முன்பணம், வேளைக்கு ஒரு டோக்கன், அன்றைக்கு என்ன குழம்போ அதுதான். ரோஸ்ட் கேட்க முடியாது. அது ஓட்டல் வேலை.

உங்கள் மதுரையில் சொல் தடம் மாறிவிட்டது. அங்கே மெஸ் என்றால் பெரும்பாலும் கறிதோசை, கோலா உருண்டை, அயிரை மீன் குழம்பு. கையில் மெனு கார்டு, தலைக்கு மேல் ஏ.சி. முன்பு ‘மிலிட்டரி ஓட்டல்’ என்ற பலகை சொன்னதை இப்போது மெஸ் சொல்கிறது. அதே பலகையை மயிலாப்பூரில் பார்த்து மட்டன் சுக்கா கேட்டுவிடாதீர்கள், ரசமும் அப்பளமும்தான் வரும்.

உங்கள் தெருக் கடையில் மாதச் சாப்பாடு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால், மெஸ் என்பதற்கு அங்கே ‘வீட்டுச் சமையல் மாதிரி’ என்பதற்கு மேல் பொருள் இல்லை.