ஒட்டும் டயரும் ஓடும் டயரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் ஸ்விஃப்ட் காருக்குக் கம்பெனியில் வந்த டயர்கள் 48,000 கிலோமீட்டர் ஓடித் தேய்ந்துவிட்டன. செங்கல்பட்டிலிருந்து பல்லாவரம் போய்வர தினமும் 70 கிலோமீட்டர். 90-க்கு மேல் ஓட்டுவதில்லை. கடைக்காரர், "பெர்ஃபார்மன்ஸ் டயர் போடுங்க சார், ரோட்டோட ஒட்டிக்கும்" என்கிறார். தினசரி ஓட்டத்துக்குத் தாங்குமா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: ஒட்டிக்கொள்ளும் என்பது பொய்யில்லை. ஆனால் அதற்கான காசை இரண்டு தடவை கொடுப்பீர்கள். வாங்கும்போது ஒரு தடவை, சீக்கிரமே மாற்ற வேண்டி வரும்போது இன்னொரு தடவை.

இந்த வகை டயரில் ரப்பர் கலவை மிருதுவாக இருக்கும், சிலிகா கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள். பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் ஸ்டீயரிங்கைத் திருப்பிய உடனே கார் திரும்பும். வேகக் குறியீடும் மேலே போகும்: எச் என்றால் 210, வி என்றால் 240, டபிள்யூ 270, ஒய் 300 கிலோமீட்டர். 90-இல் ஓட்டுகிறவருக்கு இந்தக் கடைசி விஷயத்தால் எந்தப் பயனும் இல்லை.

உங்களுக்கு உண்மையிலேயே பயன் தரக்கூடியது ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும் தூரம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரின் டயருக்கு ஈரத்தில் உராய்வுக் கெழு 0.7 என்றால் பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 36 மீட்டரில் நிற்கும். 0.6 என்றால் 42 மீட்டர் ஆகும். வித்தியாசம் 6 மீட்டர், அதாவது ஒன்றரை ஸ்விஃப்ட் நீளம். முதல் கார் நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அது இன்னும் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். முன்னால் லாரி நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி ஆயுள். நம் ஊர் வெயிலிலும் சாலையிலும் நல்ல டூரிங் வகை டயர் (வசதியான, நீண்ட ஓட்டத்துக்கான சாதாரண டயர்) 45,000 முதல் 60,000 கிலோமீட்டர் வரை வரும். பெர்ஃபார்மன்ஸ் டயர் 25,000 முதல் 35,000 வந்தாலே நல்ல உழைப்பு. நீங்கள் வருடத்துக்கு 21,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். ஒன்றரை வருடத்தில் மறுபடி கடைக்குப் போக வேண்டியிருக்கும். பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. சாதாரண டயர் புதிதில் 8 மில்லிமீட்டர் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) ஆழத்தோடு வரும். பெர்ஃபார்மன்ஸ் டயர் பலவற்றில் 7 அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல்தான். பட்டன் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் எந்த டயரும் மழையில் பலவீனமாகிவிடும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம் என்றாலும், ஐப்பசி மழையை 3 மில்லிமீட்டரில் சந்திப்பது புத்திசாலித்தனமல்ல. தேய்ந்த பெர்ஃபார்மன்ஸ் டயரைவிடப் புதிய சாதாரண டயர் மழையில் மேல்.

எங்கள் யோசனை: அதே 185/65 ஆர்15 அளவில், ஈரப்பிடிப்புக்குப் பெயர்போன டூரிங் டயர் போடுங்கள். வார இறுதியில் மட்டும் ஏற்காடு, வால்பாறை என்று வளைவுகளில் ஓட்டி ரசிப்பவர், வருடத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் என்றால் பதில் வேறு. அவருக்கு அந்த டயரே மூன்று, நான்கு வருடம் வரும். அவர் தாராளமாக நல்ல பிடிப்பையே வாங்கலாம்.

கேள்வி: 185/65 ஆர்15-க்குப் பதில் 205/60 ஆர்15 போடலாமா, அல்லது 16 அங்குல அலாய் வாங்கி 195/55 போடலாமா? எது நல்லது?
– வாசகர், கோவை

பதில்: முதலில் விட்டம். 185/65 ஆர்15 என்பதில் 185 அகலம் (மில்லிமீட்டர்), 65 பக்கச்சுவர் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்ற விகிதம், 15 ரிம் விட்டம் (அங்குலம்). அகலத்தை விகிதத்தால் பெருக்கி, இரண்டு மடங்காக்கி, ரிம் விட்டத்தைக் கூட்டினால் வந்துவிடும். உங்கள் பழைய டயர் 621.5 மில்லிமீட்டர். 205/60 ஆர்15 போட்டால் 627, 195/55 ஆர்16 போட்டால் 620.9. இரண்டுமே 1 சதவீதத்துக்குள் நிற்பதால் ஸ்பீடோமீட்டர் கெடாது. விட்டத்தை வைத்துப் பார்த்தால் இரண்டும் பாஸ்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. காரோடு வந்த 15 அங்குல ரிம்மின் அகலம் பெரும்பாலும் 5.5 அங்குலம். 205 டயருக்கு அதுதான் கீழ் எல்லை. குறுகிய ரிம்மில் அகலமான டயரை மாட்டினால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கி, வளைவில் மடங்கும். எந்தக் கூர்மைக்காகக் காசு கொடுத்தீர்களோ அதுவே போய்விடும். மழைத் தண்ணீரின் மேல் மிதக்கும் ஆபத்தும் அகலத்தோடு கூடும். 195 போதும்.

16 அங்குலத்துக்குப் போனால் பக்கச்சுவர் உயரம் 120 மில்லிமீட்டரிலிருந்து 107 ஆகும். அந்த 13 மில்லிமீட்டரைப் பள்ளங்களில் உணர்வீர்கள். பாரக் குறியீட்டையும் பாருங்கள். பழைய டயரில் 88 என்றிருந்தால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 195/55 ஆர்16 சாதாரணமாக 87-இல் வரும், அது 545 கிலோதான். கம்பெனி சொன்னதைவிடக் கீழே இறங்கக் கூடாது. எக்ஸ்எல் (கூடுதல் பாரம் தாங்கும் வகை) என்று அச்சிட்ட 91 (615 கிலோ) கிடைத்தால் அதை வாங்குங்கள்.

வெளியில் வாங்கும் அலாயில் நடு ஓட்டை அளவைக் கேட்க மறந்துவிடாதீர்கள். ஸ்விஃப்டில் அந்த ஓட்டைக்குள் நுழையும் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) 54.1 மில்லிமீட்டர். கடையில் விற்கும் அலாய்களில் பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று 67.1 அல்லது 73.1 வைத்திருப்பார்கள். இடைவெளிக்கு வளையம் போடாமல் மாட்டினால் 80-100 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். பிறகு நீங்கள் பேலன்சிங் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியதுதான்.

கேள்வி: நாலு டயரும் புதிதாகப் போட்டேன். லிட்டருக்கு 19 கொடுத்த கார் இப்போது 17.5 தான் கொடுக்கிறது. டயர் போலியா?
– வாசகர், மதுரை

பதில்: போலி என்று முடிவுகட்ட வேண்டாம். மூன்று காரணங்கள் ஒன்றுசேர்ந்திருக்கின்றன.

தேய்ந்த டயர் சுற்றளவில் சிறியது. அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றும், ஓடோமீட்டர் தூரத்தைக் கூட்டிக் காட்டும். புது டயரில் அந்தப் பொய்க் கணக்கு நின்றுவிடும். இதிலேயே 1 முதல் 2 சதவீதம் வரை போகும். அதாவது பழைய 19 முழுசாக 19 அல்ல. அடுத்து, முழுப் பட்டன் உள்ள மிருதுவான ரப்பர் உருளும்போது அதிகம் நெளியும், எதிர்ப்பும் கூடும். உருளும் எதிர்ப்பு 10 சதவீதம் கூடினால் எரிபொருள் 1 முதல் 2 சதவீதம் கூடும். உங்கள் இறக்கம் 8 சதவீதம். இந்த இரண்டும் பாதியை விளக்கும். மீதிக்குக் காற்றைப் பாருங்கள். டயர் மாற்றிய கடையில் ஓட்டுநர் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரைப் பார்க்காமல் "எல்லாத்துக்கும் 30" என்று அடித்து அனுப்புவது வழக்கம். மூன்று மணி நேரம் நின்ற காரில், காலையில், ஸ்டிக்கரில் உள்ளபடி அடியுங்கள். நெடுஞ்சாலையில் ஓடிய பிறகு 33 அடித்தது 37 காட்டினால் இறக்கிவிடாதீர்கள். சூட்டில் ஏறியது, ஆறினால் தானே இறங்கும். சூட்டில் இறக்கினால் மறுநாள் காலையில் 29-இல் ஓட்டுவீர்கள்.

கேள்வி: 15,000 கிலோமீட்டரில் பின்னாலிருந்து "ஊம்" என்று சத்தம். மெக்கானிக் வீல் பேரிங் மாற்றினார், சத்தம் போகவில்லை.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பேரிங்கைக் கழற்றும் முன் ஐந்து நிமிடம் டயரைத் தடவிப் பார்த்திருக்கலாம். இப்போதாவது செய்யுங்கள். காரை நிறுத்தி, பின் டயரின் உள் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து, சுற்றோட்டமாக முன்னும் பின்னும் இழுங்கள். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போய், எதிர்ப்பக்கம் ரம்பப் பல்லைப் போலக் கையில் மாட்டினால் அதுதான் சத்தம். ஒவ்வொரு பட்டனும் ஒரு விளிம்பில் அதிகம், மறு விளிம்பில் குறைவு என்று தேய்ந்திருக்கிறது. தரையில் ஒவ்வொன்றாகத் தட்டும்போது ஊளையாகக் கேட்கிறது.

ஓட்டியும் பிரித்தறியலாம். புதிதாகப் போட்ட வழவழப்பான தார்ச் சாலையில் சத்தம் குறைந்து, காங்கிரீட்டில் கூடினால் டயர். காலிச் சாலையில் காரை இடமும் வலமும் மெதுவாக ஆட்டும்போது, பாரம் மாறுவதோடு சத்தமும் மாறினால் பேரிங்.

முன்சக்கர இயக்கமுள்ள காரில் பின் டயருக்கு வேலை குறைவு. இழுக்காத, திருப்பாத, லேசான பாரமுள்ள சக்கரத்தில்தான் இந்த ரம்பத் தேய்மானம் விரைவில் வரும். மிருதுவான ரப்பர், பெரிய பட்டன் என்றால் இன்னும் சீக்கிரம். டோ அளவு (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பிசகியிருந்தாலும் வரும். ஆனால் நம் சிறிய கார்கள் பலவற்றில் பின்பக்கம் டோர்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை விட்டம்) என்பதால் அலைன்மென்ட் கடையில் அதைத் திருத்த முடியாது. காசு மட்டும் வாங்குவார்கள்.

எனவே 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயரை இடம் மாற்றுவதுதான் வழி. பக்கச்சுவரில் அம்புக்குறி இருந்தால் அதே பக்கத்தில் முன்-பின் மட்டும் மாற்ற வேண்டும். "அவுட்சைடு" என்று மட்டும் இருந்தால் குறுக்காகவும் மாற்றலாம். இப்போது பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவாருங்கள். சில ஆயிரம் கிலோமீட்டரில் சத்தம் ஓரளவு அடங்கும். முழுதாகப் போகும் என்று உத்தரவாதம் தர முடியாது.

கேள்வி: பட்ஜெட் இரண்டு டயருக்குத்தான். முன்னாலா, பின்னாலா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: பின்னால், அம்மா. இழுப்பதும் திருப்புவதும் முன் டயர்தானே என்று கடையில் வாதாடுவார்கள். மழையில் முன் டயர் வழுக்கினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே கார் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். பின் டயர் வழுக்கினால் கார் சுழலும், பழகிய கைக்கும் பிடிபடாது. இருக்கும் இரண்டு நல்ல பழைய டயரை முன்னுக்குக் கொண்டுவந்து, புதியதைப் பின்னுக்கு மாட்டச் சொல்லுங்கள். ஒரே அச்சில் இரண்டு வேறு கம்பெனி டயர் கலக்கவே கூடாது.

கேள்வி: பள்ளத்தில் இறங்கி ஏறியதில் பக்கச்சுவரில் எலுமிச்சை அளவு வீங்கியிருக்கிறது. ட்யூப் போட்டு ஓட்டலாம் என்கிறார்கள். இன்னொரு டயரில் ஆணி, ரப்பர் திரி வைத்துச் சரிசெய்தார்கள். அது போதுமா?
– வாசகர், வேலூர்

பதில்: வீங்கிய டயரைத் தூக்கி எறியுங்கள். ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவில் பக்கச்சுவர் நசுங்கி உள்ளே இழைகள் அறுந்துவிட்டன. இப்போது காற்றைத் தாங்கிக்கொண்டிருப்பது வெறும் ரப்பர். ட்யூப் போட்டால் அறுந்த இழை ஒட்டாது, சூடுதான் கூடும். இதற்கு மருந்தே இல்லை. உயரம் குறைந்த பக்கச்சுவர் உள்ள டயரில் இது அதிகம். காற்று குறைவாக வைத்திருந்தால் இன்னும் அதிகம். மாற்றும்போது ரிம்மின் உள்விளிம்பு நெளிந்திருக்கிறதா என்று சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அடிபட்ட சேதத்துக்கு வழக்கமான வாரன்டி பொதுவாகக் கிடைக்காது.

ஆணி விஷயத்தில், திரி என்பது வீடு போய்ச் சேர்வதற்கான ஏற்பாடு. டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் வடிவப் பட்டி ஒட்டுவதே முறையான பழுது. அதுவும் பட்டனின் நடுப்பகுதியில், 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஓட்டைக்கு மட்டும். ஓரத்திலும் பக்கச்சுவரிலும் கூடாது. கழற்றும்போது உள்ளே கருப்புத் தூள் கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காற்றில்லாமல் ஓட்டியதில் பக்கச்சுவர் உள்ளுக்குள் அரைபட்டிருக்கிறது. ஓட்டையை அடைத்துப் பயனில்லை.

கேள்வி: தள்ளுபடியில் கிடைக்கும் டயர் பழைய சரக்கா என்று எப்படி அறிவது? மாட்டும்போது கடையில் நின்று என்ன பார்க்க வேண்டும்? நைட்ரஜன் அவசியமா?
– வாசகர், சேலம்

பதில்: நைட்ரஜன் அவசியமில்லை. காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

பக்கச்சுவரில் டாட் என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு வருடத்துக்கு உட்பட்டது நிழலில் இருந்திருந்தால் தாராளமாக வாங்கலாம். இரண்டைத் தாண்டினால் விலை நன்றாகக் குறைந்தால் மட்டும். நாலு டயரின் தேதியையும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்றில் மட்டும் பழசைக் கலந்துவிடுவதுண்டு.

ட்ரெட்வேர் எண்ணை (பட்டன் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று பக்கச்சுவரில் அச்சிட்ட எண்) காட்டி 320-ஐவிட 400 இத்தனை மடங்கு உழைக்கும் என்று சொன்னால், ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் தன் எண்ணைத் தானே கொடுக்கிறது.

மாட்டும்போது "அவுட்சைடு" எழுத்து நான்கிலும் வெளியே தெரிகிறதா, ரப்பர் வால்வு புதிதாகப் போட்டார்களா, மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வந்ததா என்று கவனியுங்கள். நட்டை ஏர் கன்னால் இறுக்கி முடிக்க விடாதீர்கள். கையால் பிடித்து, டார்க் ரெஞ்சில் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) உங்கள் காரின் கையேட்டு அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள். அந்த அளவு காருக்குக் கார் மாறும், சில கார்களுக்கு 120 நியூட்டன் மீட்டர் வரை போகும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் அதே ரெஞ்சால் ஒருமுறை சோதியுங்கள். முதல் 300 கிலோமீட்டர் அதிரடி பிரேக், வேகமான வளைவு எதுவும் வேண்டாம். தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து டயரைப் பிரிக்கப் பூசிய வழுவழுப்பு பட்டனின் மேல் இன்னும் இருக்கும்.