முடிவு தெரிந்த கதையில் பைக் எடுத்த முடிவும், மாறிய முகங்களும்

கேள்வி: "ஸ்டார் ட்ரெக்: ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்" தொடரின் முதல் சீசன் இறுதி அத்தியாயத்தைப் பற்றி ரசிகர்கள் ஏன் இன்னும் வாதாடுகிறார்கள்? ஸ்பாக், உஹுரா, கிர்க் போன்ற பழைய கதாபாத்திரங்களுக்குப் புதிய நடிகர்களைப் போட்டது சரியா?

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இறுதி அத்தியாயம் நியாயமான முடிவுதான் என்று கருதுகிறேன். ஆள் மாற்றத்தை முகச் சாயலை வைத்து எடைபோடுவது பிழை என்றும் கருதுகிறேன். ஆனால் எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒரு குறை மெய்யானது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி தருகிறேன். முதல் "ஸ்டார் ட்ரெக்" தொடர் அமெரிக்காவில் 1966 செப்டம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. வில்லியம் ஷாட்னர் அதில் கேப்டன் கிர்க்காகவும் லெனார்ட் நிமாய் ஸ்பாக்காகவும் நடித்தார்கள். கிர்க்குக்கு முன்னால் அதே எண்டர்பிரைஸ் விண்கலத்தின் கேப்டனாக இருந்தவர் கிறிஸ்டோஃபர் பைக். அவருடைய காலத்தைச் சொல்லும் முன்கதைதான் 2022 மே மாதம் தொடங்கிய "ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்". பத்து அத்தியாயங்கள் கொண்ட அதன் முதல் சீசன் அவ்வாண்டு ஜூலை 7 அன்று "எ குவாலிட்டி ஆஃப் மெர்சி" என்ற அத்தியாயத்தோடு முடிந்தது. பைக்கின் கடைசி நிலை என்னவென்று 1966 ஆம் ஆண்டே ரசிகர்களுக்குத் தெரியும். பயிற்சி மாணவர்களைக் காப்பாற்றப் போய்க் கதிர்வீச்சில் சிக்கி, முகம் சிதைந்து, பேச்சிழந்து, ஆம் என்பதற்கு ஒரு முறையும் இல்லை என்பதற்கு இரு முறையும் ஒலி எழுப்பும் நாற்காலிக்குள் அவர் அடைபட்டுவிடுவார். இந்த முடிவு பார்வையாளர்களுக்குத் தெரியும் என்பதோடு, முன்கதையில் பைக்குக்கும் தெரியும் என்பதே இத்தொடரின் தனித்தன்மை. 2019 இல் வந்த "ஸ்டார் ட்ரெக்: டிஸ்கவரி" இரண்டாம் சீசனில் அவர் ஒரு காலப் படிகத்தின் வழியாகத் தன் எதிர்காலத்தைக் காண்கிறார். அந்தப் படிகத்தை எடுத்துக்கொண்டால் அம்முடிவு உறுதியாகிவிடும் என்று எச்சரிக்கப்படுகிறார். தெரிந்தே எடுத்துக்கொள்கிறார்.

இந்தக் காட்சியை நாங்கள் நான்கு நண்பர்கள் வேலூர் சத்துவாச்சாரியில் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது, எனக்கு உடனே நினைவுக்கு வந்தவன் கர்ணன். நான் வளர்ந்தது கண்ணமங்கலத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில். எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாகப் பல நாட்கள் நடக்கும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான், அபிமன்யு வியூகத்துக்குள் சிக்கி மடிவான், கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் நீண்டு கிடப்பான். இவற்றில் எந்த முடிவும் அங்கே பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கும் புதிதில்லை. ஆனாலும் கர்ண மோட்சம் நடக்கும் இரவில், விடியப்போகிற நேரத்தில், கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டத்தில் ஒருவர்கூட எழுந்து வீட்டுக்குப் போகமாட்டார். கவசத்தையும் குண்டலத்தையும் கேட்டு வருபவன் இந்திரன் என்று சூரியன் முன்பே எச்சரித்தும் அவற்றை அறுத்துக் கொடுத்தவன் அவன். அவன் சாவானா மாட்டானா என்பது அங்கே கேள்வியே ஆகாது. சாவை நோக்கி அவன் எப்படி நடக்கிறான் என்பதைக் காணத்தான் ஊர் கண் விழித்திருக்கிறது. "முன்கதையில் என்ன சுவாரசியம், முடிவுதான் தெரியுமே" என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

ஆள் மாற்றத்துக்கும் அதே கூத்துதான் எனக்கு அளவுகோல். என் பெரியப்பா ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கர்ண வேஷம் கட்டியவர். அவருக்குத் தொண்டை கெட்டுப்போன பிறகு, ஜமாவின் (கூத்துக் குழுவின்) வாத்தியார் அந்த வேஷத்தை ஓர் இளைஞரிடம் கொடுத்தார். முதல் ஆண்டு ஊரில் முணுமுணுப்பு இருந்தது. பெரியப்பா மட்டும் குறை சொல்லவில்லை. கிரீடமும் புஜக்கட்டையும் ஏறிய பிறகு உள்ளே இருப்பவன் யார் என்று பார்க்கக் கூடாது என்பார். திரைக்குப் பின்னால் நின்று பாடும்போதே, முகம் தெரிவதற்கு முன்பே, கர்ணன் வந்துவிட்டானா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது அவர் சொன்ன முறை. அந்த இளைஞர் பெரியப்பாவைப் போலப் பாடவில்லை. ஆனால் மூன்றாம் ஆண்டில் ஊர் அவரைக் கர்ணன் என்றே கூப்பிட்டது.

நம் வீடுகளில் ஓடும் நெடுந்தொடர்களில் "இவருக்குப் பதில் இவர்" என்று ஓர் அட்டையைக் காட்டிவிட்டு மறுநாளே வேறொரு முகத்தைக் கொண்டுவருவதை நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். அங்கே நம்மைத் தொந்தரவு செய்வது முகம் மாறியதைவிட, புதியவர் அந்த மருமகளின் கோபத்தையும் அடக்கத்தையும் முதல் நாளிலிருந்து புதிதாகத் தொடங்குவதுதான் என்று நினைக்கிறேன். கதாபாத்திரத்தின் கடந்த காலம் அவர் உடம்பில் இல்லாமல் போய்விடுகிறது.

"ஸ்டார் ட்ரெக்" ரசிகர்கள் பலரும் மறந்துவிடும் ஒரு செய்தியும் உண்டு. இந்த வரிசையில் முதன்முதலில் ஆள் மாறிய கதாபாத்திரங்களுள் ஒருவர் பைக்தான். முதல் முன்னோட்ட அத்தியாயமான "தி கேஜ்" படத்தில் பைக்காக நடித்தவர் ஜெஃப்ரி ஹன்ட்டர். தொலைக்காட்சி நிறுவனம் அதை ஏற்காததால் கிர்க்கை வைத்து இரண்டாவது முன்னோட்டம் எடுத்தார்கள். இரண்டிலும் தொடர்ந்தவர் நிமாய் மட்டுமே. பிறகு 1966 நவம்பரில் "தி மெனாஜரி" என்ற இரு பாகக் கதையில் பழைய படச்சுருளைப் பயன்படுத்தியபோது, இளம் பைக்காக ஹன்ட்டரும், நாற்காலியில் இருக்கும் பைக்காக ஷான் கென்னியும் தோன்றினார்கள். ஒரே கதைக்குள் ஒரே மனிதருக்கு இரண்டு நடிகர்கள்! ஆகவே ஆன்சன் மவுண்ட் நடிக்கும் பைக்கை "அசல் இல்லை" என்று தள்ளுபவர்கள், எந்த முகத்தை அசல் என்று கொள்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். மறுதலையாக, ஒரே நடிகர் இரண்டு வேஷம் கட்டியதும் அங்கே உண்டு. 1966 டிசம்பரில் வந்த "பேலன்ஸ் ஆஃப் டெரர்" அத்தியாயத்தில், ரோமுலன் என்ற பகை வேற்றுலக இனத்தின் தளபதியாக நடித்த மார்க் லெனார்ட், அடுத்த ஆண்டே ஸ்பாக்கின் தந்தை சாரெக்காக வந்தார். ஒரே இரவில் இரண்டு வேஷம் கட்டுபவரைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது உறுத்தவே இல்லை.

புதியவர்களில் ஈதன் பெக்கின் ஸ்பாக் எனக்கு முழு நிறைவளித்தார். நிமாயின் குரலை அவர் போலி செய்யவில்லை. உணர்ச்சியை அடக்குவதற்குப் பாடுபடும் ஓர் இளைஞனைக் காட்டுகிறார். பின்னாளில் நாம் கண்ட அமைதி ஒரே நாளில் வந்ததல்ல என்று அதன் மூலம் நமக்குப் புரிகிறது. உஹுராவாக நடிக்கும் சீலியா ரோஸ் குடிங்கைப் பற்றி எங்கள் நால்வருக்குள் கருத்து வேறுபாடே இல்லை. பழைய தொடரில் நிஷெல் நிக்கோல்ஸுக்குப் பெரும்பாலும் தகவல் தொடர்பு மேசைக்கு முன் உட்காரும் வேலையே கிடைத்தது. விலகிவிட எண்ணிய அவரை, கறுப்பின மக்கள் திரையில் கண்ணியத்தோடு தெரிவது எவ்வளவு முக்கியம் என்று சொல்லித் தொடரச் செய்தவர் மார்ட்டின் லூதர் கிங் என்பதை நிக்கோல்ஸே பலமுறை கூறியிருக்கிறார். அந்த மேசைக்கு வந்து சேரும் முன் உஹுரா யாராக இருந்தாள், எதை இழந்தாள், விண்கலப் படையில் இருக்க வேண்டுமா என்று ஏன் தயங்கினாள் என்பதையெல்லாம் சொல்ல முன்கதைக்கு இடம் கிடைத்தது. இறுதி அத்தியாயம் வெளியான ஏறத்தாழ மூன்று வாரங்களில், ஜூலை 30 அன்று, நிக்கோல்ஸ் காலமானார். அந்தச் செய்தி வந்த இரவில் நாங்கள் மீண்டும் உஹுராவின் அத்தியாயங்களைப் பார்த்தோம்.

இனி இறுதி அத்தியாயத்துக்கு வருகிறேன். விபத்தில் இறக்கப்போகும் மாணவர்களுள் ஒருவனை, இன்னும் சிறுவனாக இருக்கும் நிலையில், பைக் நேரில் சந்திக்கிறார். தன் உடல் சிதைவை ஏற்றுக்கொண்ட மனிதருக்கு அந்தச் சிறுவனின் சாவை ஏற்க முடியவில்லை. அவனை எச்சரித்துக் கடிதம் எழுத உட்காருகிறார். அப்போது வயதான பைக் ஒருவர் எதிர்காலத்திலிருந்து வந்து தடுக்கிறார். விபத்து தவிர்க்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதைக் காண அவரைச் சில ஆண்டுகள் முன்னே அனுப்புகிறார். அங்கே கிர்க் நின்ற இடத்தில் பைக் நின்று "பேலன்ஸ் ஆஃப் டெரர்" நிகழ்ச்சிகளை எதிர்கொள்கிறார். 1966 இல் கிர்க் நடத்தி வைக்கத் தொடங்கி, பாதியில் நின்றுபோன அதே திருமணத்தோடுதான் இதுவும் தொடங்குகிறது. ரோமுலன் கலம் எல்லை தாண்டுவதற்குள் தாக்க வேண்டும் என்று கிர்க் அன்று முடிவெடுத்தான். பைக் பேச்சுவார்த்தைக்கு இடம் கொடுக்கிறார். விளைவாகப் போர் மூள்கிறது, ஸ்பாக் மீள முடியாத அளவுக்குக் காயமடைகிறார். திரும்பி வந்த பைக் கடிதத்தைக் கைவிடுகிறார்.

எங்கள் நால்வருள் பள்ளி ஆசிரியராக இருக்கும் நண்பர் இதைக் கடுமையாக எதிர்த்தார். கோட்டை அகழியோரப் புல்வெளியில் உட்கார்ந்து, பூங்காவைச் சாத்தும் நேரம் வரை அன்று பேசினோம். அவருடைய வாதம் இதுதான்: ஒன்பது அத்தியாயங்கள் பைக்கின் கனிவை அவருடைய வலிமையாகக் காட்டிவிட்டு, பத்தாவதில் அதே கனிவுதான் போரைக் கொண்டுவந்தது என்று சொல்வது அந்த மனிதருக்குச் செய்யும் அநீதி. இதை நான் எளிதாகத் தள்ளவில்லை. ஆனால் அத்தியாயத்தைக் கூர்ந்து பார்த்தால், பைக் நம்பிய ரோமுலன் தளபதி உண்மையிலேயே போரை விரும்பாதவர்தான். அவருடைய கீழ்நிலை அதிகாரியே பெரும்படையை அழைக்கிறான். அந்த நல்ல தளபதியும் அவர்கள் கையாலேயே அழிகிறார். பைக் மனிதரை எடைபோட்டதில் தவறு செய்யவில்லை, அந்த நேரத்தை எடைபோட்டதில்தான் தவறினார். கிர்க்கும் போரைத் தவிர்க்கவே தாக்கினான். இருவர் நோக்கமும் ஒன்றுதான் என்பதே அந்தக் கதையின் வலி.

என்றாலும் நண்பர் சொன்ன இன்னொன்றை ஒப்புக்கொள்கிறேன், முதலில் குறிப்பிட்ட குறையும் அதுவே. விதியை மாற்ற எந்தப் பாதையில் போனாலும் ஸ்பாக்தான் விலை கொடுப்பான் என்பதை வயதான பைக் வாய்விட்டு விளக்குகிறார். படுக்கையில் கிடக்கும் ஸ்பாக்கைப் பார்த்த கணமே பைக்குக்கும் நமக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. அதன் மேல் விளக்கம் வந்தபோது, அவருடைய சொந்த முடிவு பாதி, பிறர் சொல்லிக் கேட்டது பாதி என்று ஆகிவிட்டது. கூத்தில் கர்ணனுக்கு யாராவது வந்து நீ சாவதே உலகுக்கு நல்லது என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தால், நான் பாயைச் சுருட்டிக்கொண்டு போயிருப்பேன்.

பால் வெஸ்லியின் கிர்க் மேல் வந்த கோபத்துக்கு இந்த அமைப்பே பெரும் காரணம். அவர் முதன்முதலாகத் தோன்றியது நிகழாமல் போகும் ஓர் எதிர்காலத்தில். அந்தக் கிர்க் ஃபாரகட் கலத்தின் கேப்டன். எண்டர்பிரைஸை ஆண்டதில்லை, ஸ்பாக்கின் நட்பு அவருக்குக் கிடைக்கவில்லை. ஷாட்னரின் துள்ளலை அவரிடம் எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தது இயல்பு. ஆனால் அந்த நட்பில்லாத கிர்க் இப்படித்தான், கொஞ்சம் வறண்டு, தனியாக இருப்பான் என்று எனக்குப் படுகிறது. 2023 இல் வந்த இரண்டாம் சீசனில் உண்மையான காலத்து இளம் கிர்க் உஹுராவுக்குத் துணை நிற்கும் அத்தியாயம் ஒன்று உண்டு. அதன் முடிவில் அவள் மூலமாக அவனும் ஸ்பாக்கும் முதன்முறையாக அறிமுகமாகிறார்கள். வெஸ்லியை அதைப் பார்த்துவிட்டு மதிப்பிடுவதே முறை.

கிர்க் வந்து பைக்கின் இறுதி அத்தியாயத்தைப் பறித்துக்கொண்டார் என்ற புகாரை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படிப் பறிகொடுத்த முன்கதை ஒன்று உண்மையிலேயே உண்டு. 2001 முதல் நான்கு சீசன்கள் ஓடிய "ஸ்டார் ட்ரெக்: எண்டர்பிரைஸ்" 2005 மே மாதம் முடிந்தபோது, அதன் கடைசி அத்தியாயம், பிற்காலக் கதையைச் சொல்லும் வேறொரு தொடரின் அதிகாரி ரைக்கர் ஒரு மாயத்தோற்ற அறையில் பார்க்கும் காட்சிகளாக அமைக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் உழைத்த கேப்டன் ஆர்ச்சரும் குழுவினரும் தங்கள் வீட்டிலேயே விருந்தாளிகளாக நின்றார்கள். அந்தக் குழுவைச் சேர்ந்த ட்ரிப் டக்கரின் சாவுகூட வேறொருவர் மனம் தெளிவதற்கான பாடமாகச் சுருங்கியது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. பைக்கின் அத்தியாயத்தில் கிர்க் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார். கடிதத்தை எழுதத் தொடங்குவதும் நிறுத்துவதும் பைக்கின் கை.

புதிதாகப் பார்க்கப்போகிறவர்கள் 1966 இல் வந்த "பேலன்ஸ் ஆஃப் டெரர்" அத்தியாயத்தை முதலில் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள். எங்கள் நண்பர்களுள் ஒருவர் வரிசையை மாற்றிப் பார்த்தார். பழைய அத்தியாயத்தின் கடைசியில், மணமகன் இறந்த பிறகு கிர்க் அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் சொல்லும் காட்சியில் அவர் படத்தை நிறுத்திவிட்டு, இந்த இடத்தில் பைக் இருந்திருந்தால் அவளிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எங்களைக் கேட்டார். அன்று அதற்கு எங்களில் யாரிடமும் பதில் இருக்கவில்லை.