ஒரே பாட்டு, நாலு ஃபைல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் எக்ஸ்டேர்னல் டிஸ்க்கில் பாட்டுகள் நிரம்பி வழிகின்றன. சீடியிலிருந்து ஏற்றியவை, பழைய போன்களில் கிடந்தவை, கனடாவிலிருந்து தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பியவை, அப்பா கசெற்றில் வைத்திருந்த தவில் நாதஸ்வரம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஒரே பாட்டு நாலைந்து இடத்தில் வருகிறது. இரட்டைகளைத் தானாகவே அழிக்கிற மென்பொருள் ஏதும் உண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மானிப்பாய்

பதில்: உண்டு ஐயா. ஆனால் கண்டுபிடிக்கிற வேலையை அதனிடம் விடுங்கள், அழிக்கிற வேலையை நீங்கள் வைத்திருங்கள். அதற்கும் முன்னால், இன்னொரு டிஸ்க் வாங்கி முழுவதையும் அப்படியே பிரதி எடுத்து அலுமாரியில் வையுங்கள். அது முடியும்வரை மிச்சத்தை வாசிக்கவே வேண்டாம்.

சரி, பிரதி எடுத்தாயிற்று. டூப்குரு என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. ஃபைலின் பெயரைப் பார்க்காமல் உள்ளடக்கத்தை ஒப்பிடச் சொல்லுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பவற்றை அது சோடி சோடியாகக் காட்டும். ‘ஏயூடி’ என்று தொடங்கி, திகதியும் ‘டபிள்யூஏ’வும் ஓர் இலக்கமுமாக வரும் பெயர்கள் எல்லாம் வாட்ஸ்அப் கொண்டுவந்தவை, ஒரே பாட்டைப் பல பேர் அனுப்பியிருந்தால் அவைதான் முதலில் அகப்படும். டூப்குருவில் ஒரு ஃபோல்டரை ‘ரெஃபரன்ஸ்’ என்று குறிக்கவும் முடியும். குறித்தால் அந்த ஃபோல்டரிலிருந்து ஒன்றையும் அது அழிக்காது. சீடியிலிருந்து ஏற்றியவற்றை அப்படிக் குறித்துவிடுங்கள்.

இதற்கு அகப்படாத இரட்டைகளும் உண்டு. ஒரு பிரதியில் ஃபைலுக்குள் பதிந்திருக்கும் பாடகர் பெயரை மட்டும் திருத்தியிருந்தாலே கணினிக்கு அது வேறு ஃபைல். அப்படிப்பட்டவற்றுக்கு மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் என்ற மென்பொருள் உதவும். பாட்டின் முதல் 2 நிமிடங்களிலிருந்து ஒரு கைரேகை மாதிரி எடுத்து, இது இன்ன பாட்டு என்று தன் தரவுத்தளத்தில் தேடிச் சொல்லும். சினிமாப் பாட்டுக்கு நல்லது. நம்மூர்க் கோயில் திருவிழாப் பதிவுகளை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

எதை வைத்திருப்பது? ஐந்து நிமிடப் பாட்டு 128 கேபிபிஎஸ்ஸில் (ஒரு நொடி ஒலிக்கு எவ்வளவு தரவு என்ற கணக்கு) சுமார் 5 எம்பி, 320இல் 12 எம்பி. பெரியதுதான் நல்லது என்று நினைப்போம், எப்போதும் அப்படி இல்லை. யாரோ 128ஐ எடுத்து 320 ஆக மாற்றி வைத்திருப்பார்கள். இடம் கூடும், போன ஒலி திரும்பி வராது. யூடியூபிலிருந்து இறக்கி 320 என்று விற்கிற கதையும் இதுதான். ஸ்பெக் என்ற சின்ன மென்பொருளில் ஃபைலைப் போட்டால் ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் படம் வரும். 16 கிலோஹேர்ட்ஸ் அளவில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றால் அது பெரும்பாலும் பழைய 128தான்.

இனி அப்பாவின் கசெற்றுகள். அவற்றில் மென்பொருளைக் கை வைக்க விடாதீர்கள். தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975இல் காலமானார். இன்று கைமாறுகிற அவருடைய பழைய பதிவுகளில் பல கசெற்றிலிருந்து கசெற்றுக்குப் பிரதியானவை. ஒவ்வொரு பிரதியிலும் இரைச்சல் கூடும், மேல்சுரம் மங்கும். ரேப் ரெக்கோடரின் வேகமும் மெசினுக்கு மெசின் கொஞ்சம் மாறும் என்பதால் ஒரே தனி ஆவர்த்தனம் இரண்டு ஃபைலில் இரண்டு நீளமாக இருக்கும், சுருதியும் இறங்கியோ ஏறியோ கேட்கும். கைரேகை பொருந்தாது. காதால்தான் பார்க்க வேண்டும். ஒன்றில் ஒலி தெளிவாக இருக்கும், ஆனால் தொடக்கம் வெட்டுப்பட்டிருக்கும். மற்றதில் இரைச்சல், ஆனால் கோயில் மணியோடு முழுதாக இருக்கும். நான் என்றால் இரண்டையும் வைப்பேன். இடம் போதாவிட்டால் சினிமாப் பாட்டில் குறையுங்கள். அது எங்கேயும் கிடைக்கும்.

பிறகு ‘புதுசு’ என்று ஒரே ஒரு ஃபோல்டர் திறந்து, இனி வருவதெல்லாம் முதலில் அதற்குள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் திருத்தி, ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பிறகுதான் மற்ற இடத்துக்கு. போனைக் கணினியில் கொழுவி முழுவதையும் அள்ளிப் போடுகிற பழக்கத்தால்தான் இந்தச் சோலியே.

கேள்வி: பழைய சீடிகளிலிருந்து ஏற்றிய பாட்டுகளின் பெயர்கள் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகின்றன. ஃபைல் பழுதா? கீர்த்தனைகளை இராகப்படி அடுக்கவும் ஒரு வழி சொல்லுங்கள்.
— சங்கீத ஆசிரியை, இணுவில்

பதில்: பழுதில்லை தங்கச்சி. அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியது. பாமினியில் குற்றுக்குரிய (மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளி) விசை அரைப்புள்ளிதான், அதனால்தான் அவ்வளவு அரைப்புள்ளி. பாமினியை யூனிகோடாக்கும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. அதில் போட்டு எடுத்து, பாட்டின் விவரங்களைத் திருத்த உதவும் எம்பி3டாக் என்ற மென்பொருளில் ஒட்டுங்கள். பாடகர் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் வையுங்கள். இளையராஜாவை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதினால் பட்டியலில் மூன்று இளையராஜா வருவார்.

இராகத்துக்கென்று தனிக் கட்டம் எம்பி3டாக்கில் இல்லை. ‘குரூப்பிங்’ என்ற கட்டத்தில் இராகத்தையும் ‘கம்போசர்’ என்பதில் சாகித்தியகர்த்தாவையும் எழுதுங்கள். ஒன்று கவனம்: டூப்குருவின் இசைப் பகுதியில் தலைப்பை மட்டும் ஒப்பிட விட்டால், பத்து வித்துவான்கள் பாடிய ஒரே கீர்த்தனையைப் பத்து இரட்டையாகக் காட்டும். பாடகர் பெயரையும் சேர்த்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

கேள்வி: இரட்டைகளை அழித்த பிறகு பிளேலிஸ்ட் பாதி வேலை செய்யவில்லை.
— வாசகர், சாவகச்சேரி

பதில்: எம்3யூ என்ற ஃபைல் வகையில் சேமித்த பிளேலிஸ்டில் பாட்டு இருக்காது, அது கிடக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கும். நீங்கள் அழித்தது அந்த முகவரியில் இருந்த பிரதியை. நோட்பேடில் திறந்து வரியைத் திருத்தலாம், பெரிய வேலை இல்லை. பாட்டுப் பெயர்கள் தமிழில் இருந்தால் யூனிகோட் எழுத்தைத் தாங்கும் எம்3யூ8 ஆகச் சேமியுங்கள்.