வாசகர் கேள்வி – பதில்: மறைச்சிந்தனை தயாரிப்பது எப்படி?

கேள்வி: பங்குச் சாமி வர முடியாத ஞாயிறுகளில் எங்கள் ஊர்க் கோயிலில் இறைவார்த்தை வழிபாடு நடத்தி, நற்செய்தியை விளக்கிப் பேசும் மறைச்சிந்தனையும் நானே கொடுக்கிறேன். அடுத்து வருவது லூக்கா 5:1-11, இரவெல்லாம் பாடுபட்டும் ஒன்றும் கிடைக்காத சீமோன் (பேதுரு), இயேசு சொன்னதும் மறுபடி வலை போட்டு மீன்பாடு பெற்ற பகுதி. எல்லாவற்றையும் சொல்லப்போய் அரை மணி நேரம் ஓடிவிடுகிறது. ஆட்கள் தூங்கி விழுகிறார்கள். என்ன செய்வது?
– உபதேசியார் ஒருவர், பாம்பன்

பதில்: சனிக்கிழமை விசைப்படகில் போனவர்கள் ஞாயிறு காலையில்தான் கரைக்கு வருகிறார்கள். இரவெல்லாம் விழித்தவர்களிடம்தான், இரவெல்லாம் விழித்த சீமோனைப் பற்றிப் பேசப் போகிறீர்கள். சுருக்கமாகப் பேசுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை. திருப்பலியில் குருக்கள் ஆற்றும் மறையுரை 8 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று 2024 ஜூனில் திருத்தந்தை பிரான்சிஸ் சொன்னார். அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். நிதானமாகப் பேசினால் ஏறக்குறைய 700 சொல்.

திங்களன்றே தொடங்குங்கள். விளக்க நூலைத் தொடாமல் பகுதியைச் சத்தமாக நாலைந்து தடவை வாசித்து, வினைச்சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள். பிறகு ஒரு பக்கம் முன்னே போங்கள். 4:38-39இல் சீமோனின் மாமியாருடைய காய்ச்சலை இயேசு ஏற்கெனவே போக்கியிருக்கிறார். ஆகவே ‘முன்பின் தெரியாதவரை நம்பி வலை போட்டார்’ என்று பேசினால் லூக்காவுக்கே முரண். யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரத்தில் வரும் இன்னொரு மீன்பாட்டையும் இதோடு கலந்துவிடாதீர்கள். 153 மீனும் கிழியாத வலையும் அங்கே. லூக்காவில் வலை கிழியத் தொடங்குகிறது.

அடுத்ததுதான் முக்கியம்: பகுதி எந்த இடத்தில் திரும்புகிறது? மீன் குவிந்த இடத்தில் என்றுதான் தோன்றும். ஆனால் திருப்பம் 8ஆம் வசனத்தில். இரண்டு படகும் மூழ்கும் அளவுக்கு மீன் கிடக்க, சீமோன் அதைப் பார்க்காமல் இயேசுவின் காலில் விழுந்து, ‘நான் பாவி, என்னைவிட்டுப் போய்விடும்’ என்கிறார். மூன்றாண்டு வாசகச் சுழற்சியின் மூன்றாம் ஆண்டில், பொதுக்காலம் 5ஆம் ஞாயிறன்று இந்த நற்செய்தியோடு இறைவாக்கினர் எசாயா நூலின் 6ஆம் அதிகாரம் வாசிக்கப்படுவதைக் கவனியுங்கள். எசாயாவும் தன் அசுத்த உதடுகளை நினைத்துக் கலங்குகிறார். அதற்குப் பிறகே அனுப்பப்படுகிறார்.

இதிலிருந்து மையக்கருத்தை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்: ‘நான் பாவி என்று விலகப் பார்த்தவரிடமே இயேசு அஞ்சாதே என்று சொல்லி வேலை கொடுக்கிறார்.’ இதற்கு உதவாதது எவ்வளவு அருமையான கருத்தானாலும் வெட்டிவிடுங்கள். இரண்டு படகுகள் எதற்கு அடையாளம் என்பதெல்லாம் வேறொரு ஞாயிறுக்கு. நேரம் நீள்வது பெரும்பாலும் இந்த வெட்டு விழாததால்தான்.

தொடக்கத்துக்கு 1 நிமிடம், பகுதியை விளக்க 3, திருப்பத்துக்கு 2, நம் வாழ்வுக்கு 2. கடைசி இரண்டு வாக்கியங்களை முதலிலேயே எழுதிவிடுங்கள். முடிவு தெரியாமல் பேசுகிறவர்தான் சுற்றிச் சுற்றி வருவார். சனிக்கிழமை கடிகாரம் வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மீனவர்களிடமே வலை, படகு பற்றி எவ்வளவு விளக்கலாம்?
– மறைக்கல்வி ஆசிரியை, மூக்கையூர்

பதில்: மிகக் கொஞ்சம். அதே லூக்கா பகுதியின் 2ஆம் வசனத்தில் மீனவர்கள் வலையை அலசிக்கொண்டிருக்கிறார்கள். அலசிய வலையை மறுபடி இறக்கினால் மறுபடி அலச வேண்டும். இந்த ஒரு வரி போதும், அந்த அலுப்பு அவர்களுக்குப் புரிந்துவிடும். இந்தப் பகுதியில் வரும் கெனசரேத்து கடல் அல்ல, நன்னீர் ஏரி. பகுதியில் இல்லாத புயலை நீங்கள் கிளப்ப வேண்டாம்.

‘நம்பிக்கை இருந்தால் உங்கள் வலையும் நிரம்பும்’ என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். நற்செய்தியில் அப்படி ஒரு வாக்குறுதியே இல்லை. 11ஆம் வசனத்தில் அவர்கள் அனைத்தையும் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கட்டிப்போட்டவரும், மகன் இலங்கைச் சிறையில் இருக்கும் தாயும் எதிரே உட்கார்ந்திருக்கலாம். உங்களுக்கு நம்பிக்கை போதவில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். அந்தக் குடும்பங்களை மறைச்சிந்தனையில் உதாரணமாக்காமல், விசுவாசிகளின் மன்றாட்டில் அவர்களுக்காக வேண்டுங்கள்.