41 வயதில் ரபி ஆகலாமா?

மான்செஸ்டரில் செவிலியர் வேலை, 41 வயது, ஆறு ஆண்டுகளுக்கு முன் சீர்திருத்த யூத மரபில் சேர்ந்தவர், எபிரேயம் தட்டுத்தடுமாறித்தான் வரும், இனி ரபி, அதாவது யூத மதகுரு, ஆக முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். பிறப்பால் யூதரல்லாத பலர் இன்று ரபிகளாகப் பணியாற்றுகிறார்கள். வேறு வேலையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு இந்தப் படிப்புக்கு வருபவர்களும் உண்டு.

உங்களுக்கு அருகில் இருப்பது, ரபிகளைப் பயிற்றுவிக்கும் லண்டனின் லியோ பேக் கல்லூரி. 1956-ல் தொடங்கியது, ஐந்தாண்டுப் படிப்பு. பிரிட்டனின் முதல் பெண் ரபி ஜாக்கி டேபிக் 1975-ல் பட்டம் பெற்றது அங்கேதான்.

எபிரேயத்தை மட்டும் இன்றே தொடங்குங்கள். யூத வேதமான தோராவின் சுருளில் உயிர்க்குறிகள் கிடையாது, மெய்யெழுத்துகளை வைத்தே படிக்க வேண்டும். யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத்துக்கு வந்தால், அரமேயம் என்ற பழைய மொழியும் சேரும். தினமும் அரை மணி நேரம், பிரார்த்தனைப் புத்தகத்தை வாய்விட்டுப் படித்தாலே நாக்கு பழகிவிடும்.

அப்புறம், உங்கள் ரபியிடம் மனம் திறந்து பேசுங்கள். ஒரு சனிக்கிழமை வழிபாட்டின் ஒரு பகுதியை நடத்த வாய்ப்புக் கேளுங்கள். துக்க வீட்டில் ஷிவா என்ற ஏழு நாள் துக்க அனுசரிப்பு நடக்கும்போது கூடப் போய் உட்காருங்கள். நோயாளியின் கட்டிலருகே இத்தனை வருடம் நின்றவர் நீங்கள். ரபியின் வேலையில் பெரும்பகுதி அதுதான், அதை எந்த வகுப்பிலும் எளிதில் கற்றுத்தர முடியாது. விண்ணப்பத்தில் அதைத் தயங்காமல் எழுதுங்கள்.