மாத்திரை போட்ட மூளையைக் கணினியில் அளப்பது: கேள்வி பதில்

மருந்து கவனத்தையும் வேகத்தையும் என்ன செய்கிறது என்று கணினிச் சோதனைகளால் அளப்பது பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. மருந்து ஆய்வுகளுக்காக இந்தச் சோதனைகளை நடத்துவது என் வேலை. சிகிச்சை சொல்வது என் வேலை இல்லை. சோதனை மதிப்பெண்ணைப் பார்த்து யாரும் தானாக மாத்திரை அளவை மாற்றாதீர்கள்.

சளி மாத்திரை போட்டால் எனக்குத் தூக்கம் வருவதே இல்லை. பிறகு ஏன் வண்டி ஓட்டாதே என்கிறார்கள்?

உங்களுக்குத் தெரியாமலே கவனம் குறையும், அதனால்தான். அமெரிக்காவின் அயோவாவில் 40 பேரை வைத்து நடந்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. பழைய ஒவ்வாமை மருந்தான டைஃபென்ஹைட்ரமின், புதிய ஃபெக்ஸோஃபெனடின், மது, மருந்தே இல்லாத போலி மாத்திரை நான்கையும் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாளில் கொடுத்து, கார் சிமுலேட்டரில் ஓட்ட வைத்தார்கள். டைஃபென்ஹைட்ரமின் நாளில்தான் ஓட்டம் மிக மோசம், மது நாளைவிடவும். ஃபெக்ஸோஃபெனடின் நாள் போலி மாத்திரை நாளைப் போலவே இருந்தது. 'தூக்கம் வருகிறதா' என்று கேட்டு வாங்கிய பதிலோ, ஓட்டம் எவ்வளவு கெட்டது என்பதைச் சரியாகக் காட்டவில்லை. நம் சளி மாத்திரைகள் பலவற்றில் இருக்கும் குளோர்பெனிரமினும் பழைய வகைதான்.

ஆப் சோதனையில் என் ஞாபகசக்தி ஒரே மாதத்தில் ஏறியிருக்கிறது. வல்லாரை மாத்திரைதான் காரணமா?

அதை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே சோதனையைத் திரும்பச் செய்தால், எதுவும் சாப்பிடாதவருக்கும் மதிப்பெண் ஏறும். அதனால்தான் ஆய்வில் முதலில் சில பயிற்சிச் சுற்றுகள், பிறகு போலி மாத்திரை எடுக்கும் குழு, ஒவ்வொரு முறையும் வேறு சொற்பட்டியல், முடிந்தவரை அதே நேரம் என்று வைக்கிறோம்.

அஸ்வகந்தாவுக்கும் இப்படிப் பார்க்கலாமா?

முந்தைய பதிலே இதற்கும்.

ஃபோனில் என் எதிர்வினை நேரம் ஒரு மாதிரி, ஆபீஸ் கணினியில் வேறு மாதிரி வருகிறது. எது சரி?

இரண்டையும் ஒப்பிடாதீர்கள். 60 ஹெர்ட்ஸ் திரை கிட்டத்தட்ட 17 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். தொடுதிரை, புளூடூத் மவுஸ் எல்லாம் தாமதத்தைக் கூட்டும். மருந்தின் விளைவே சில சமயம் அந்த அளவுதான்.

மகனுக்கு ஏ.டி.ஹெச்.டி. (கவனக்குறைவு, அதிகத் துறுதுறுப்பு). மாத்திரைக்கு முன்பும் பின்பும் கணினிச் சோதனை செய்தால் பலன் தெரிந்துவிடுமா?

ஓரளவு தெரியும். க்யூபி டெஸ்ட் போன்றவை பொத்தான் அழுத்தும் வேகம், தவறுகளோடு தலை அசைவையும் கேமராவால் அளக்கும். ஆனால் அமைதியான அறையில் சுமார் 15 நிமிடம் உட்காருவது வகுப்பறை ஆகாது. ஆசிரியர் சொல்வதையும் வீட்டில் நீங்கள் பார்ப்பதையும் சேர்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

முதல் பதிலை ஒப்புக்கொள்ள மாட்டேன். பல வருடமாக ராத்திரி லாரி ஓட்டுகிறேன். அரைத் தூக்கமும் மாத்திரையும் எனக்குப் பழகிவிட்டது.

அண்ணே, இதற்கு விரிவாகவே சொல்கிறேன். டிங்கஸ், பவல் என்ற ஆய்வாளர்கள் 1985இல் அறிமுகப்படுத்திய, விழிப்பை அளக்கும் பி.வி.டி. என்ற சோதனை இருக்கிறது. 2 முதல் 10 விநாடிக்குள் எப்போது வேண்டுமானாலும் திரையில் எண் தோன்றும், உடனே அழுத்த வேண்டும். பத்து நிமிடம் இதேதான். அரை விநாடி தாண்டினால் அது ஒரு கவனத் தவறல். சராசரியைவிட இந்தத் தவறல்களைத்தான் நாங்கள் முக்கியமாக எண்ணுகிறோம். 2003இல் வந்த ஆய்வில் 14 நாள் தினமும் ஆறு மணி நேரமே படுக்க விட்டார்கள். முடிவில், ஓர் இரவு முழுக்க விழித்தவர் அளவுக்குத் தவறல்கள் ஏறியிருந்தன. தூக்க உணர்வு மட்டும் கொஞ்சமே கூடியது. பழகியது அந்த உணர்வுதான்.

சோதனை அறையும் நெடுஞ்சாலையும் ஒன்றா?

இல்லை, அது நியாயமான கேள்வி. சாலையில் ஹாரனும் விளக்கும் உங்களை எழுப்பிக்கொண்டே இருக்கும். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு, நேரான காலிச் சாலையில், அந்த உதவியும் கிடைக்காது. அங்கே நிலைமை இந்தச் சோதனையைப் போலத்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அரை விநாடியில் வண்டி எட்டு மீட்டருக்கு மேல் போய்விடும்.

அப்போது தும்மலுக்கு என்னதான் போடுவது?

ராத்திரி வண்டி ஓட்டுகிறவர் என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி, தூக்கம் தராத வகை கேளுங்கள். கடையில் பெயர் சொல்லாமல் 'சளி மாத்திரை' என்று மட்டும் வாங்காதீர்கள்.